மொட்டை ஆகும் முன் கழற்றினால் டயருக்கு மறுபிறவி!

லாரிக்காரரின் காசை மிச்சம் பிடிக்கும் ‘ரீபட்டன்’

சென்னை—

மணலியிலும் மாதவரத்திலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். 10 சக்கர லாரி என்றால் முன்னால் 2 டயர், பின்னால் 8. முன்னால் பெரும்பாலும் புது டயர். பின்னால் ஓடுவதில் பல, ஒரு தடவை தேய்ந்து ஓய்ந்து, மறுபடி ‘பட்டன்’ போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தவை!

இதுதான் ரீபட்டன். கம்பெனி பாஷையில் ரீட்ரெடிங்.

டீசலுக்கு அடுத்தபடி லாரிக்காரரின் பணத்தைத் தின்பது டயர்தான். ஒரே ஒரு லாரியை வைத்துத் தவணை கட்டுகிறவர், 10 டயரையும் புதுசாக வாங்க முடியுமா? ரீபட்டன் என்றால் புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் வேலை முடிந்துவிடும். லாரி வாடகை ஏறினால் தக்காளி விலையும் ஏறும். ஆகவே இது நம்ம வீட்டு சமாச்சாரமும்தான்!

பட்டறையில் நடப்பது

ரோட்டில் தேய்வது மேல் ரப்பர் மட்டுமே. உள்ளே இருக்கும் கூடு (கேஸிங்) பல சமயம் கெட்டியாகவே இருக்கும். பட்டறையில் முதலில் கூட்டைச் சோதிக்கிறார்கள். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, ஆணி குத்திய இடங்களை அடைத்து, பசை பூசி, புது ரப்பர் பட்டையைச் சுற்றுகிறார்கள். பிறகு சுமார் 100 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் சில மணி நேரம் வேக வைத்தால் ரப்பர் கூட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகாய விமான டயர்களுக்கே இப்படிப் பல தடவை மறு ரப்பர் போடுகிறார்கள் என்றால் பாருங்களேன்!

நம்ம திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எப்., 1952-ல் இறங்கியதும் தேய்ந்த டயருக்குப் போடும் டிரெட் ரப்பர் தொழிலில்தான். டயர் செய்தது அதற்கு அப்புறம்!

பழி யார் மேல்?

நெடுஞ்சாலையில் கிழிந்து கிடக்கும் ரப்பரைப் பார்த்தால் ‘ரீபட்டன் டயர் பிய்ந்து போச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட துண்டுகளைப் பொறுக்கிச் சோதித்தார்கள். 2008-ல் வந்த அறிக்கை சொன்னது: ரோட்டில் குத்திய பொருளும், அளவுக்கு மீறிய சூடும்தான் முக்கியக் காரணங்கள். புது டயரும் இதே காரணங்களால்தான் போகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது? காற்றுக் குறைவு, ஓவர் லோடு. ஜோடி டயரில் உள் டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. அதன் சுமையும் பக்கத்து டயர் தலையில்!

ஏமாறாதீர்கள்

ரீபட்டன் வேறு, கத்தியால் கீறிய டயர் வேறு. மொட்டை டயரில் கோடு வெட்டி, கறுப்பு பூசி, ‘செகண்ட் ஹேண்ட்’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அதில் புது ரப்பரே கிடையாது. வெட்ட வெட்டக் கூடுதான் மெலியும். மழையில் பிரேக் அடித்தால் ஆபத்து!

டயரின் பக்கச் சுவரில் 4 இலக்க எண் இருக்கும். 2419 என்றால் 2019-ல் 24-வது வாரம் செய்தது என்று அர்த்தம். வயதான கூடு, பக்கவாட்டில் வெட்டு, வெளியே தெரியும் கம்பி— இதெல்லாம் இருந்தால் வாங்காதீர்கள்.

லாரிக்காரர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பட்டன் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே டயரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டுவது சட்டப்படியே தப்பு. ‘இன்னும் ஒரு டிரிப் ஓடட்டும்’ என்று நூல் தெரியும் வரை ஓட்டினால் கூடு செத்துப்போகும். அப்புறம் எந்தப் பட்டறையும் அதைத் தொடாது. ஒரு டிரிப்புக்கு ஆசைப்பட்டவர், புது டயருக்கு முழுப் பணம் எண்ணி வைக்க வேண்டியதுதான்!