கடவுளுக்குப் பசிக்குமா? கிறிஸ்துமஸ் குடிலுக்குள் ஒரு கேள்வி!

டிசம்பர் வந்தாலே குடில் வேலை ஆரம்பிச்சிடும். வைக்கோல், தெர்மாகோல் மலை, சீரியல் லைட், மாடு, கழுதை எல்லாம் ரெடி. குழந்தை இயேசு மட்டும் நள்ளிரவுப் பூசையப்போதான் வருவார். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனால், இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் காட்ட நினைத்தது அழகை அல்ல, கஷ்டத்தை.

1223-ம் ஆண்டு, இத்தாலியின் கிரெச்சோ கிராமம். அசிசியின் பிரான்சிஸ், அங்கே ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, நிஜ மாட்டையும் நிஜ கழுதையையும் நிறுத்தி கிறிஸ்துமஸ் வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். ஒரு பச்சைக் குழந்தைக்குத் தேவையானது எதுவுமே இல்லாமல் இயேசு பட்ட சிரமத்தைத் தன் கண்ணாலேயே பார்க்கணும் என்பதுதான் அவருடைய ஆசை. அன்று பிரசங்கத்தில் 'பெத்லகேம்' என்று அவர் சொன்னபோதெல்லாம், ஆட்டுக்குட்டி கத்துவதுபோல குரல் குழைந்ததாம். அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தாமஸ் சொல்லும் தகவல் இது. (இன்னொரு விஷயம்... லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு. மாடும் கழுதையும் கிடையாது!)

பிரான்சிஸை அப்படி உருக வைத்தது எது? கடவுள் மனிதரானார் என்ற நம்பிக்கைதான். இதை 'மனுவுருவாதல்' என்பார்கள். மேலே இருந்தபடியே உதவி அனுப்பியிருந்தால் அது கருணை. இங்கே நடந்ததோ வேற லெவல். உதவி செய்ய வேண்டியவரே, பாலுக்கும் துணிக்கும் ஒரு தாயின் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

இது ஆரம்பகாலத்திலேயே சிலருக்கு நெருடலாக இருந்தது. 'கடவுளுக்குப் பசிக்குமா, வலிக்குமா? அது வெறும் தோற்றம்' என்றார்கள். திருச்சபை ஒத்துக்கொள்ளவில்லை. இயேசு முழுமையான கடவுள், முழுமையான மனிதர் என்று 451-ல் கூடிய கால்செதோன் சங்கம் உறுதியாகச் சொன்னது. கேட்க வறட்டு விவாதம் மாதிரி இருக்கலாம். ஆனால், உடம்பு நிஜம் இல்லை என்றால், பட்ட வலியும் நிஜம் இல்லை. அப்புறம் அன்பு மட்டும் எப்படி நிஜமாகும்?

நற்செய்திகளில் வரும் இயேசு களைத்துப்போய் கிணற்றோரம் உட்கார்ந்து, ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். புயலடிக்கும் படகில் அசந்து தூங்குகிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது லாசர் கதை. நண்பன் இறந்துவிட்டான். அவனை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். நாமளா இருந்தா, "அழாதீங்க, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லியிருப்போம். அவர், அந்தச் சகோதரி அழுவதைப் பார்த்துத் தானும் அழுதார். அந்த அழுகையால் எந்தப் பிரச்னையும் தீரவில்லைதான். ஆனாலும், அதைத் தாண்டிப்போக அவரால் முடியவில்லை.

வீட்டில் துக்கம் நடந்தவர்களைக் கேட்டுப்பாருங்க. போனில் வந்த நூறு மெசேஜ் மறந்திருக்கும். பஸ் ஏறி வந்து, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மறந்திருக்க மாட்டார்கள்.

பெத்லகேம் என்ற எபிரெயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்று அர்த்தம். அந்த ஊரில், மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டியில் கிடந்த குழந்தை, முதல்நாள் ராத்திரி பசியில் வீறிட்டு அழுதிருக்கும்.