பேனாவில் தெரியும் சன்னல்

மாணவர்களே, பால்மரக் கட்டையில் கடைந்து மெருகேற்றிய ஒரு பேனா உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் அழகாக இருக்கிறது. பள்ளி விற்பனை நாளுக்காகக் கைப்பேசியில் படம் எடுக்கிறீர்கள். படத்தில் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. மரத்தின் ரேகையைக் காணோம். நிறமும் மஞ்சளாகிவிட்டது. கைப்பேசியைத் திட்ட வேண்டாம். கோளாறு வெளிச்சத்தில் இருக்கிறது.

முதலில் கட்டையைப் பற்றிக் கொஞ்சம். கெடாத் தோட்டங்களில் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள் ஒரு காலத்தில் விறகாகத்தான் போயின. கட்டையில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துவிடும். போரான் சேர்மங்களால் பதப்படுத்தத் தொடங்கிய பிறகே அது மேசை, நாற்காலி ஆனது. வெளிறிய பாலேட்டு நிறமும் மெல்லிய ரேகையும்தான் அதன் அழகு. படத்தில் முதலில் தொலைவதும் அவைதாம்.

மெருகின் மேற்பரப்பு ஒரு கண்ணாடி. படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்று படித்திருப்பீர்கள். அந்த வெள்ளைக் கோடு, விளக்கின் பிம்பமேதான். மெருகைத் தாண்டி உள்ளே போகும் ஒளி மரத்தில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறுகிறது. நிறத்தையும் ரேகையையும் நமக்குக் காட்டுவது அதுதான். சிறிய விளக்கு என்றால் அதன் பிம்பம் கூர்மையாகக் கண்ணைப் பறிக்கும். ஆகவே கைப்பேசியின் பிளாஷை அணைத்துவிடுங்கள்.

வெளியே வெயிலில் எடுக்கலாமே என்பீர்கள். சூரியன் மிகப் பெரியதுதான், ஆனால் இங்கிருந்து அரைப் பாகை அகலமே தெரிகிறது. ஒரு மீட்டர் அகலச் சன்னலோ, ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 53 பாகை! நேர் வெயில் விழாத சன்னலோரம் ஒரு மேசையைப் போடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழலின் கருமை குறையும்.

இப்போது ஒரு சோதனை. பேனாவைச் சன்னலுக்கு இணையாகக் கிடத்தி, நேர் மேலிருந்து திரையில் பாருங்கள். நீளவாக்கில் ஒளிக்கோடு ஓடும். பேனாவின் முனை சன்னலை நோக்கும் வரை மெல்லத் திருப்புங்கள். கோடு மெலிந்து ஏறக்குறைய மறைந்துவிடும். காரணம், உருளையில் பட்டுத் திரும்பும் கதிர் அதன் நீள அச்சோடு அதே கோணத்தைக் காக்கிறது. அதனால் சன்னலின் ஒளி கேமராவை விட்டு விலகிப் போகிறது. ஆனால் கோடு முழுதும் மறைந்தால் பேனா பச்சைக் கட்டைபோல் தெரியும். சாய்வாக வைத்து மெல்லிய கீற்று ஒன்றை விட்டுவைப்பதே எனக்குப் பிடிக்கும்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது? பகலொளி சுமார் 5500 கெல்வின், மஞ்சள் விளக்கு சுமார் 2700. இரண்டும் கலந்தால் கேமரா குழம்பும். அறை விளக்கை அணையுங்கள். வெள்ளைத் தாள்மேல் வைத்தால் தாள் சாம்பலாக விழும், ஏனெனில் கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். பக்கத்தில் செம்பருத்திப் பூ வைக்கிறவர்கள் உண்டு. பார்ப்பவர் பூவைத்தான் பார்ப்பார்.

மிக நெருங்கி எடுத்தால் அருகிலுள்ள முனை பருத்துத் தெரியும். தள்ளி நின்று இருமடங்கு பெரிதாக்குங்கள். முடிந்ததும் அதே சன்னலோரம் பேனாவைத் திரைக்கு அருகே பிடித்து ஒப்பிடுங்கள். படத்தின் நிறத்தை நம்பித்தான் ஒருவர் காசு கொடுக்கப் போகிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொரு படம் எடுங்கள்.