தலைப்பகுதி இல்லாத படக்கோப்பு

1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள், லிஸ்-1 என்னும் படக்கருவியால் 148 கி.மீ. அகலத் தரைப்பட்டைகளை நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு ஒளிப்பட்டைகளில் பதிவுசெய்தது. ஒரு வரிக்கு 2,048 படப்புள்ளிகள் அமைய, ஒவ்வொரு புள்ளியும் 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தை, அதாவது ஏறத்தாழ 1.3 ஏக்கரை, 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகக் குறித்தது.

காந்த நாடாக்களில் பயனர்களை அடைந்த இத்தகைய படங்கள் சுருக்கப்படாதவை. ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என எண்கள் அடுக்கப்பட்டிருக்கும். விவரங்களைத் தாங்கும் தலைப்பகுதி பிரிந்துபோய்ப் படப்பகுதி மட்டும் எஞ்சினால், அகலமும் அடுக்குமுறையும் கோப்பினுள்ளே எங்கும் எழுதப்பட்டிராது. அடுக்குமுறைகள் மூன்று: ஓர் ஒளிப்பட்டையை முழுவதும் முடித்து அடுத்ததைத் தொடங்குவது பி.எஸ்.க்யூ.; ஒரே வரியின் நான்கு பட்டைகளையும் அடுத்தடுத்து வைப்பது பி.ஐ.எல்.; ஒரே புள்ளியின் நான்கு எண்களையும் சேர்த்து வைப்பது பி.ஐ.பி.

இழந்த விவரத்தை மீட்கக் கணக்கு உதவும். 2,048 புள்ளி அகலமும் 2,000 வரிகளும் நான்கு பட்டைகளும் உள்ள கோப்பு 1,63,84,000 பைட் இருக்க வேண்டும். அதைவிட மிகுந்திருந்தால், வரிதோறும் கூடுதல் பைட்டுகள் சேர்ந்துள்ளனவா என ஆராய வேண்டும். அகலத்தை ஒரு புள்ளி தவறாகக் கொண்டால் நேரான கரையும் சாய்ந்துவிடும், பி.ஐ.எல். கோப்பை பி.எஸ்.க்யூ. எனப் படித்தால் நான்கு பட்டைகளின் வரிகள் மாறி மாறி வந்து படம் கோடுகோடாகும். பட்டைகளின் வரிசையைக் கண்டறியக் கன்னியாகுமரிக் கடற்கரையைவிடத் தெளிவான சான்று அரிது. அண்மை அகச்சிவப்பை நீர் உறிஞ்சிக்கொள்வதால் அப்பட்டையில் கடல் ஏறக்குறையக் கறுத்தும், அதே ஒளியைத் தழைகள் மிகுதியாக எதிரொளிப்பதால் அம்மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் நெற்பயிர் வெளுத்தும் தோன்றும். தாமரை படர்ந்த குளங்களும் பயிரைப் போலவே வெளுத்துத் தெரியும் என்பதால், குளத்தின் பரப்பை அளப்பவர் அவற்றை வயலென எண்ணிவிடலாகாது.

பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற, அதே மாவட்டத்துச் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் உள்ளிட்ட குளங்கள் அந்தச் செயற்கைக்கோளின் காலத்தில் கொண்டிருந்த பரப்பை அறிய இத்தகைய பழைய எண்கள் பயன்படும். ஆகவே பழைய நாடாக்களையும் வட்டுகளையும் வைத்திருக்கும் கல்லூரிகளும் அலுவலகங்களும் கோப்பின் அகலம், வரி எண்ணிக்கை, பட்டைகள், அடுக்குமுறை, பதிவு நாள் ஆகியவற்றை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி, படத்துடனேயே சேர்த்து வைக்க வேண்டும்.