நீல நெருப்பும் மஞ்சள் நெருப்பும்



பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்குப் புகைவீட்டைப் பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே பால்மரக் கட்டைகளைப் போட்டு, நாலைந்து நாள் வாட்டுவார்கள். அங்கே நெருப்புக் கொழுந்துவிட்டு எரிந்தால் குற்றம். காற்று நுழையும் வழியைக் குறைத்து, கட்டை கனன்று புகையும்படி வைத்திருப்பதே கைத்திறன். எரிவாயு அடுப்பில் நாம் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். காற்றைத் தாராளமாகக் கொடுத்துப் புகையே இல்லாமல் செய்யவேண்டும்.

லயத்து வீடுகளில் இருந்தவரை வெந்நீர் வெளியே மூன்று கல் அடுப்பில் கொதித்தது. புகை வானத்துக்குப் போயிற்று. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின், நம்மவர்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே குளியலறை வீட்டுக்குள்ளேயே, நான்கு சுவருக்கு நடுவில். ஈப்போ தம்பூனில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதற்கு அடுப்பும் வேண்டாம், தோம்பும் வேண்டாம். ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே! ஆகவே பலர் மின்சார வெந்நீர்ப் பெட்டி வாங்குகிறார்கள். மின் கட்டணத்தை எண்ணி எரிவாயுப் பெட்டியைச் சுவரில் மாட்டுவோரும் உண்டு. இந்த இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

குழாயைத் திறந்ததும், ஓடும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தகட்டைத் தள்ளி எரிவாயுவுக்கு வழிவிடும். பேட்டரி பொறி தட்டும். பர்னர் பற்றிக்கொள்ளும். செப்புக் குழாய் வழியே போகும் தண்ணீர் சூடேறும். தண்ணீர் நூலாக ஒழுகினால் பற்றாது. அது பர்னரின் குற்றமன்று.

தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. இத்தனை காற்றை எப்படிச் சேர்ப்பது? 1855-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் புன்சன், எரியுமுன்பே வாயுவோடு காற்றைக் கலக்கும் விளக்கை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதன் அடியிலுள்ள வளையத்தைத் திருப்பி, மஞ்சள் சுடர் நீலமாவதைப் பள்ளியில் படித்த உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நம் சமையல் அடுப்பும் வெந்நீர்ப் பெட்டியும் அந்த விளக்கின் பேரப்பிள்ளைகளே.

காற்றுத் தகடு உள்ள பர்னராக இருந்தால், முதலில் தகட்டைச் சற்று மூடிப் பற்றவைக்கவும். சுடர் நீண்டு, மஞ்சளாகி, சோம்பலாக ஆடும். பிறகு மெல்லத் திறக்கவும். மஞ்சள் மறைந்து, நடுவில் கூர்மையான இளநீலக் கூம்பு தெரியும். அங்கே நிறுத்தித் திருகை இறுக்கவும். மேலும் திறந்தால் சுடர் பர்னரை விட்டுத் தாவி, இரைந்து, அணைந்தும் போகும். இடையிடையே சிறு செம்பொறி பறந்தால் அஞ்சவேண்டாம்; அது தூசி. நிலையான மஞ்சள்தான் கோளாறு.

சுவர்ப் பெட்டிகள் பலவற்றில் இந்தத் தகடே இராது. முன்பு நீலமாக எரிந்தது இப்போது மஞ்சளானால், காற்று போகும் வழியில் தூசியோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கலாம். ஊசியை விட்டு நாசில் துளையைக் குடையாதீர்கள்! பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிட்டால் வாயு மிஞ்சும், காற்று போதாது. நகரக் குழாய் வாயுவுக்குச் செய்த பெட்டியைத் தோம்பில் பூட்டுவதும் இதே தவறு, ஏனெனில் அதன் துளை பெரியது. ரொட்டி சானாய் கடை அடுப்புக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டரும் இங்கே ஆகாது. இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. பெட்டியைத் திறக்கும் வேலையைப் பதிவு பெற்ற தொழிலாளியிடம் விட்டுவிடுவதே நல்லது.

மஞ்சள் சுடருக்கு ஏன் இவ்வளவு பேச்சு? காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. தோம்பு கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே அதில் நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். இதற்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இது அமர்ந்துகொள்ளும். நீலச் சுடராயினும் அடைத்த அறையில் காற்றுக் குறையக் குறைய இந்த நஞ்சு வரும். இந்தியாவில் எரிவாயு வெந்நீர்ப் பெட்டி வைத்த குளியலறைகளில் பலர் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள்.

ஒரு மாணவியின் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். குளித்து வந்தால் பிள்ளைக்குத் தலைவலியும் குமட்டலும். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று பாட்டி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி குளியலறைக்குள்ளேயே இருந்தது; குளிர்காற்று வராதிருக்க ஜன்னலைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்திருந்தார்கள். யாரும் அறியாமையால் செய்ததைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1868-இல் இலண்டனில் மாகன் என்பவர் இத்தகைய முதல் பெட்டியைச் செய்தபோது, அவரும் புகைபோக்கி வைக்கவில்லை.

பெட்டியை வீட்டின் வெளிச்சுவரில், காற்றோடும் இடத்தில் மாட்டவேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். தோம்பும் வெளியே நிமிர்ந்து நிற்கட்டும், சாக்கடை ஓரத்தில் வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். குளிக்கும்போது யாருக்கேனும் தலை சுற்றினால், மூச்சை அடக்கிக் கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்து வாருங்கள். பிறகு தோம்பை மூடி, 999-ஐ அழையுங்கள்.