ஜப்பானில் எதைக் காண்பது?

நம் பக்கத்துக் குடும்பங்களிலும் இந்நாளில் ஜப்பான் பயணப் பேச்சு எழுகிறது. மகனோ மகளோ அங்கே பணியில் இருந்தால், பெற்றோரும் இரு வாரம் சென்று தங்கி வருகின்றனர். என்ன கண்டீர்கள் என வினவினால், டோக்கியோவின் வானளாவிய மாளிகைகளையும், 1964 முதல் ஓடும் அதிவேக இரயிலையும், 3,776 மீட்டர் உயர்ந்து நிற்கும் பியூஜி மலையையும் சொல்கின்றனர். மார்ச் இறுதியில் சென்றவர்களாயின் செர்ரிப் பூக்களின் அழகைச் சொல்லி மாளாது. இவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும், டி. கல்லுப்பட்டி வட்டாரத்தாராகிய நமக்கு ஜப்பானைக் காண வேறொரு வழியையும் காட்டிச் சென்றவர் ஒருவர் உண்டு.

அவரே ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்று, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் பணிக்குத் தம்மையே ஈந்தவர். 1940இல் வேங்கடாசலபதி அவர்கள் நம் ஊரில் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமமே அவருடைய இறுதி ஆண்டுகளின் இல்லம். 1960 ஜனவரி 30இல் மறைந்தார்.

நாடு விடுதலை பெற்ற பின் அவர் ஜப்பான் சென்றார். திரும்பி வந்து அவர் அளித்த அறிக்கை வேளாண்மை, குடிசைத் தொழில், சிறுதொழில் ஆகியவற்றைப் பற்றியது. மலையும் காடும் போக எஞ்சிய துண்டு நிலங்களில் அம்மக்கள் எவ்வாறு வயிறார உண்கின்றனர் என்பது நம்மவர்க்கு அன்று உயிர்க் கேள்வி. 1950களில் ‘ஜப்பான் முறை’ என்று சொல்லி, கயிறு பிடித்து வரிசையாய் நாற்று நட்டது நம் முதியோர் சிலருக்கேனும் நினைவிருக்கும்.

குமரப்பாவின் சங்கம் வளர்க்க முயன்ற தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. ஜப்பானில் அது இன்றும் வாழ்கிறது. கோசோ என்னும் செடியின் பட்டையை உரித்து வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, அடித்துக் கூழாக்குவர். அதனோடு ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பசையைக் கலப்பர். அச்செடி நம் வெண்டைக்கு உறவு, பசையின் வழவழப்பும் அவ்வாறே. பின்னர், மூங்கில் தட்டியால் அள்ளி அசைத்துத் தாளாக்குவர். இத்தாள் நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும். இக்கலையை 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலோ கைக்காகிதம் திருமண அழைப்பிதழுக்கென்றே ஆகிவிட்டதை எண்ணுகையில் நெஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நாரா நகருக்கும் செல்லுங்கள். அங்குள்ள பெரும் வெண்கலப் புத்தர் சிலைக்கு 752இல் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் தென்னிந்தியத் துறவி. மதுரைக்காரர் என்பாரும் உளர். 736இல் கடல் கடந்து சென்ற அவர் ஊர் திரும்பவேயில்லை. அவர் பிடித்த தூரிகையை அந்நகரின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றளவும் காத்து வருகின்றனர்.

காகிதம் செய்வதைக் காண விரும்புவோர் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. டோக்கியோவுக்கு வடமேற்கே சைத்தாமா மாநிலத்தில் உள்ள ஓகாவா ஊருக்கு இரயிலிலேயே சென்று மாலைக்குள் திரும்பலாம். வருவோரையும் தட்டி பிடித்து ஒரு தாள் எடுக்கச் சொல்வர். குளிர்காலமே அதற்கு ஏற்ற பருவம். கம்பளி ஆடையை மறவாதீர்கள். எடுத்த தாளை மடிக்காமல் கொண்டு வந்து, நம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒரு நாள் கொடுங்கள்.