பங்கும் நம்பிக்கையும்: மைக்கா வரலாறு உணர்த்தும் முதலீட்டாளர் பாதுகாப்பு

'பங்கு' என்னும் சொல் தமிழில் கூறு, உரிமை, கடமை ஆகிய பொருள்களைத் தரும். வணிகத்தில் அஃது இழப்புக்கும் உட்பட்ட உடைமையைக் குறிக்கும். இவ்விரு பொருள்களும் மயங்குவதால் நேரும் விளைவை இக்கட்டுரையில் காண்போம்.

மலேசிய இந்தியரின் பொருளாதார உயர்வை முன்னிறுத்தி, ம.இ.கா.வின் முயற்சியால் 1982ஆம் ஆண்டு மைக்கா ஹோல்டிங்ஸ் தோற்றுவிக்கப்பட்டது. ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 இலட்சம் ரிங்கிட் திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பலர் நகைகளை அடகு வைத்தும் கடன் பெற்றும் பங்கு வாங்கினர். சமுதாயக் கடமையாகவே அவர்கள் அதனைக் கருதினர் எனலாம்.

நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ஆதலின், விற்க விரும்பியோர்க்குத் திறந்த சந்தையும் இல்லை. உண்மை விலையை அறியும் வழியும் இல்லை. 1990ஆம் ஆண்டு மைக்காவுக்கென ஒதுக்கப்பட்ட 1 கோடி டெலிகோம் பங்குகளுள் 10 இலட்சமே அதனை அடைந்தன. எஞ்சியவை வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன. இது நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டு, ஊழல் தடுப்பு அமைப்பின் விசாரணைக்கும் உள்ளாயிற்று. எனினும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனம் பங்கொன்றுக்கு 80 சென் தர முன்வந்தபோது, கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

மைக்கா பங்கு திரட்டிய காலத்தில் மூலதனச் சந்தைக்கெனத் தனி ஆணையம் இல்லை. பங்கு ஆணையம் 1993இல் நிறுவப்பட்டது; சிறுபான்மைப் பங்குதாரர் நலன் காக்கும் கண்காணிப்புக் குழு 2000இல் தோன்றியது. 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம், பொதுமக்களிடம் நிதி திரட்டும் நிறுவனம் தன் நிலையையும் இடர்களையும் கூறும் விளக்க அறிக்கையைப் பதிவு செய்யுமாறு பணிக்கிறது. அவ்வறிக்கையில் பொய்யுரைத்தலும் இன்றியமையாச் செய்தியை மறைத்தலும் குற்றங்களாகும்.

எனினும், சட்டம் மட்டும் போதாது. மாதந்தோறும் 20 விழுக்காடு ஆதாயம் தருவதாகக் கூறிய ஜே.ஜே.பி.டி.ஆர். என்னும் திட்டம், 2017இல் பினாங்கிலேயே சரிந்தது. அங்கே பேராசை ஈர்த்தது. மைக்காவில் இனப்பற்று ஈர்த்தது. ஈரிடத்தும் கேட்கப்படாத வினா ஒன்றே: பணம் எங்கே செல்கிறது?

புக்கிட் மெர்தாஜாம் போன்ற, தோட்ட வாழ்வின் நினைவு மாறாத ஊர்களில் பணிபுரியும் தமிழாசிரியர்கள் இவ்வினாவை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். விளக்க அறிக்கை, ஈவுத்தொகை, பட்டியலிடல் ஆகிய சொற்களைப் பொருளுணர்ந்து கற்கும் மாணவர், கையொப்பமிடுமுன் படித்துப் பார்க்கும் முதலீட்டாளராக வளர்வர். நம்பிக்கை வேண்டற்பாலதே, அது கணக்குக்கு மாற்றாகாது என்பதே எம் துணிபு.