முதலாளி யார் என்று கேட்கும் படிப்பு

சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் ஷிப்ட் பஸ்களில் வரலாறும் தமிழ் இலக்கியமும் படித்த பிள்ளைகளைப் பார்க்கலாம். வேலை பெரிய கம்பெனியின் லைனில். சம்பளம் போடுவதோ கான்ட்ராக்டர். நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

1978-ல் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரளத்தில் கயிறு செய்யும் ஆலையில் 29 பேருக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், எனக்குச் சம்பந்தமில்லை என்றார் உரிமையாளர் ஹுசைன்பாய். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒப்பந்தத் தாளைத் தாண்டிப் பார்த்தார். மூலப்பொருள் யார் கொடுத்தது? இடமும் கருவிகளும் யாருடையவை? முடிந்த சரக்கு யாருக்குப் போனது? பழுதானால் திருத்தச் சொன்னது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான்: நிர்வாகம். ஆகவே அதுவே முதலாளி என்று தீர்ப்பானது.

கிருஷ்ணய்யர் அண்ணாமலைப் பல்கலையில் பி.ஏ. முடித்துவிட்டு சென்னையில் சட்டம் படித்தவர். ஓர் ஆவணத்தை யார் எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று துருவுவதுதானே வரலாற்று வகுப்பில் நடப்பது! அந்தப் பழக்கம் சட்டத்தில் வீண்போகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று அதற்குத் தேவையும் கூடியிருக்கிறது. 2001-ல் செயில் (இந்திய எஃகு ஆணையம்) வழக்கின் தீர்ப்பு கான்ட்ராக்ட் தொழிலாளருக்கான வழியைக் குறுக்கியது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்றால் அதைத் தொழில் தீர்ப்பாயத்தில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அங்கே ஜெயிக்க, கேட் பாஸையும் வருகைப் பதிவேட்டையும் வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

பி.ஏ. முடித்தவர் சட்டப் படிப்பில் சேர்வது அத்தனை கடினமில்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பட்டப்படிப்பின் மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். குறைந்தபட்சம் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40.

கஷ்டம் அதற்கப்புறம்தான். சட்டத்தைத் தபாலில் படிக்க பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. வகுப்புக்கு நேரில் வந்தாக வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கண் எரிய எத்தனை நாள் கல்லூரிக்கு ஓட முடியும்? வேலையை விட்டால் மூன்று வருஷச் சம்பளம் போச்சு. வீட்டுக்கு அந்தப் பணம்தான் அரிசி.

ஆனாலும் அந்தப் படிப்புக்குப் பலன் உண்டு. தொழிலாளர் அலுவலர் முன்பு நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை. தொழிலாளர் தரப்பில் தொழிலாளியோ சங்கப் பிரதிநிதியோதான் பேச முடியும். சட்டம் படித்த ஒருவர் சங்கத்துக்குள்ளேயே இருந்தால் அந்த மேஜையில் எவ்வளவு பலம்! ஒரகடத்துச் சங்கங்கள் ஒன்றுகூடி, வருஷத்துக்கு ஒரு பி.ஏ. பட்டதாரியின் வீட்டுச் செலவை ஏற்றுப் படிக்க வைக்கலாம்.